ஆபத்துக்கு ஆள் உண்டா

ஒரு நகரம் நன்றாக இருக்கிறதா, நாளைக்கும் நன்றாக இருக்குமா என்று அளந்து பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருக்கிறது. குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது, பஸ் ஸ்டாப்புக்கு எவ்வளவு நடக்க வேண்டும், மழை பெய்தால் வாசலில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, குப்பை எடுக்க ஆள் வருகிறார்களா, நிழலுக்கு ஒரு மரமாவது பக்கத்தில் உண்டா. இதையெல்லாம் வீடு வீடாகக் கேட்டு எண்ணாக மாற்றி, திருவனந்தபுரம் போன வருஷத்தைவிடத் தேறியிருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று அறிக்கை போடுவார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இண்டிகேட்டர் என்று பெயர். ஜெயபாய்க்கு அப்படி வீடு வீடாகப் போய்க் கேட்கிற வேலை. அவளுடைய அண்ணன் யோசுவா ஆட்டோ ஓட்டுகிறவர். “இண்டிகேட்டர் போட்டா வண்டி திரும்பணும். ஒங்க ஆபீஸ் இத்தனை வருஷமா போடுது, எங்க திரும்பிச்சு?” என்று கேலி செய்வார். ஜெயபாய் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள்.

பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை எட்டிப்பிடிக்கிற தூரத்தில் அவள் வீடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மறுபடியும் தமிழ். வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்காதவர் அந்தச் சபையில் பாஸ்டர் ஒருவர்தான், அவரும் போன ஈஸ்டருக்குக் கேட்டுவிட்டார். காரணம் ஒன்றும் மர்மமில்லை. பெண் பார்க்க ஆட்கள் வருகிற வயதில் அம்மா படுக்கையில் விழுந்தாள். அண்ணிக்குக் கைக்குழந்தை. அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க, குளிப்பாட்ட, ஊட்ட இவள்தான் இருந்தாள். அப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது. அம்மாவை அடக்கம் செய்து திரும்பியபோது, பெண் பார்க்க வருகிறவர்கள் அடுத்த தலைமுறைப் பெண்களைப் பார்க்கப் போய்விட்டிருந்தார்கள். அதற்கப்புறம் கிடைத்ததுதான் இந்த வேலை.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை தேர்ந்தெடுத்த வீட்டை விடக்கூடாது. வருஷா வருஷம் அதே வீடு, அதே கேள்வி. அப்போதுதானே என்ன மாறியது என்று தெரியும். இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கேட்கிறவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ‘எங்க பக்கமும் தண்ணி இல்ல’ என்று சொல்லிவிட்டால் போதும், எதிரே இருப்பவர் அதற்கு ஒத்து ஊதிப் பதிலை மாற்றிவிடுவாராம். தண்ணீர் தவிர எதையும் வாங்கிக் குடிக்கக்கூடாது. அந்த வீட்டாரை வெளியில் சந்தித்துப் பழகக்கூடாது. பயிற்சியில் இதையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஜெயபாய் வாங்கிய சம்பளத்துக்கு உண்மையாக, ஒரு விதியையும் மீறாமல் எட்டு வருஷம் ஓட்டினாள். அதுதான் அவளுக்கு வினையாகப் போயிற்று.

நகரத்தின் பழைய கோட்டைக்குள், பெரிய கோயிலுக்குத் தெற்கே போகிற அக்கிரகாரத் தெருவில் நீலகண்டன் வீடும் அவளுடைய வீடுகளில் ஒன்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து என்றைக்கோ வந்த குடும்பம். தனியார் கல்லூரி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தைகள் இல்லை. முதல் இரண்டு வருஷம் அவர் பேசவே இல்லை. கேள்விக்கெல்லாம் அவருடைய மனைவி சூடாமணிதான் சமையலறையிலிருந்தபடியே பதில் சொன்னாள். தண்ணீர் வருகிற நேரம் அவளுக்குத்தானே தெரியும்.

மூன்றாவது வருஷம் போனபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. வழக்கம்போல முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர்.

“ரெண்டு பேர்” என்றார் நீலகண்டன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். “இல்லே. ஒருத்தர்னு போட்டுக்கோங்கோ” என்றார்.

பதிலைத் தட்டிப் பதிகிற கருவியில் ஜெயபாய்க்கு விரல் ஓடவில்லை. எனக்கும் அம்மா போனபோது இப்படித்தான் இருந்தது சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு ஒன்று என்று போட்டாள். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காரக் கூடாது என்று விதியில் இல்லை. மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது.

அடுத்த வருஷத்திலிருந்து மனிதர் ஆளே மாறிவிட்டார். இவள் வருவதற்காக ஒரு வருஷச் சமாசாரத்தைச் சேர்த்து வைத்திருந்தார். பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று கேட்டால், பழைய ஸ்டாப்பை எடுத்துவிட்டார்கள், புது இடத்துக்குப் போக ரோடு தாண்டணும், தாண்டும்போது முட்டு வலிக்கிறது, ஆனால் அந்த மூலையில் ஒரு நாகலிங்க மரம் இருக்கிறது, பூக்கிற காலத்தில் வலி தெரியாது என்றெல்லாம் சொல்வார். இவள் கையிலிருக்கிற கருவி மீட்டர் கணக்கை மட்டும் வாங்கிக்கொள்ளும். முட்டு வலியையும் மரத்தையும் எங்கே போடுவது? அதெல்லாம் அவளிடமே தங்கிவிட்டது. பாறசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போவாள்.

எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அம்மாவுக்குப் பணிவிடை செய்து கழிந்த வயதில் வராத ஆசை, நரைத்த பிறகு வந்து நின்றது. மாசியில் பெண்கள் தெருவில் அம்மனுக்குப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு அடுப்புக்கல் இறங்குவதற்கு முன்னால் கோட்டைப் பகுதியை முடித்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் ஏற்பாடு. ஆகவே தை பிறந்தால் அவளுக்கு ஒரு படபடப்பு. நல்ல புடவையாக ஒன்றை எடுத்துத் தனியே வைப்பாள். போய் வந்த மறுநாள் காலையில் பல் துலக்கும்போதே, இனி ஒரு வருஷம் போகணுமே என்று நாள் எண்ணத் தொடங்குவாள்.

இத்தனைக்கும் பாறசாலை பஸ் கோட்டை வாசலுக்கு எதிரே, கிழக்கேகோட்டை ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்புகிறது. தினமும் சாயங்காலம் அவள் நிற்கிற இடத்திலிருந்து அந்தத் தெரு கூப்பிடு தூரம். ஒருநாள்கூடப் போனதில்லை. ஒருமுறை சாலைக் கடைத்தெருவில் அவர் பூசணிக்கீற்று வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, வாழைக்குலைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். விதிக்குப் பயந்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விதியாவது மண்ணாவது. பேசினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

கடைசியில் வருகிற கேள்விதான் அவளுக்குக் கஷ்டம். ராத்திரி திடீரென்று ஓர் ஆபத்து என்றால் கூப்பிடுவதற்கு ஓர் ஆள் உண்டா? ஊரில் எத்தனை பேருக்கு அப்படி ஆள் இருக்கிறது என்பதும் ஓர் இண்டிகேட்டர். சாலையும் குழாயும் இருந்து, கூப்பிட ஆள் இல்லாவிட்டால் அது என்ன ஊர் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் யோசித்துச் சேர்த்திருக்கிறார். சூடாமணி போனதிலிருந்து நீலகண்டன் ஒவ்வொரு வருஷமும் ‘இல்லே’ என்றுதான் சொல்லிவந்தார். ஒவ்வொரு தடவையும் இவள் ‘நான் இருக்கேன் சார்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, இல்லை என்று போடுவாள்.

இந்த வருஷம் அவர் “உண்டு” என்றார்.

ஜெயபாய் நிமிர்ந்து பார்த்தாள். யார் என்று கேட்க அனுமதி இல்லை. உண்டு என்றால் மட்டும் கேட்க வேண்டிய துணைக்கேள்வி ஒன்று இருக்கிறது. சூடாமணி போனதிலிருந்து அதை இந்த வீட்டில் அவள் கேட்டதே இல்லை.

“கூப்பிட்டா அவங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆவும் சார்?”

அவர் மின்விசிறியைப் பார்த்தபடி, “ஒரு வருஷம் ஆகும்” என்றார்.

வேறே ஊரில் யாராவது இதைக் கேட்டிருந்தால் மனிதர் ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இது திருவனந்தபுரம். தெருவுக்கு நாலு வீட்டில் ஆள் கல்ஃபில். வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருகிற மனிதர்கள்தான் பாதி வீடுகளுக்குத் துணை. ஓகோ, இவருக்கும் துபாயிலோ மஸ்கட்டிலோ ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று ஜெயபாய் முடிவே கட்டிவிட்டாள். நர்ஸாக இருக்கலாம், டீச்சராக இருக்கலாம். அடுத்த லீவில் வருவாள், இந்தக் கூடத்தில் உட்கார்ந்து பதில் சொல்வாள். கருவியில் வருஷக் கணக்குப் போட இடமில்லை. ‘வெளிநாடு’ என்று தட்டிவிட்டு, “வரேன் சார்” என்று எழுந்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஒக்காரலாமே” என்றார் அவர்.

“அடுத்த வீடு இருக்கு சார்.”

அடுத்த வீடு இல்லை. பஸ்ஸில் ஏறி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நெய்யாற்றங்கரை வரும்வரை அழுதாள். அவருக்கு ஆள் கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று எவ்வளவோ முட்டிப்பார்த்தாள். வரவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆபீஸில் ஷிஜு கூப்பிட்டான். அவளுக்கு மேற்பார்வையாளன், மருமகன் வயது. நெடுமங்காட்டுக்காரன், வீட்டில் தமிழ் பேசுகிற பையன்தான்.

“சேச்சி, கோட்டையில அந்த நீலகண்டன் சார் வீடு. கூப்பிட ஆள் உண்டுன்னு இருக்கு, வர நேரம் வெளிநாடுன்னு இருக்கு. ராத்திரி ஆபத்துக்கு வெளிநாட்டிலேருந்து எப்படி வருவாங்க? சிஸ்டம் எடுக்கல்ல. அதனால நானே ஃபோன் பண்ணிச் சோதிச்சேன்.”

“என்ன சொன்னாரு?”

ஷிஜு பேனாவை மூடினான், திறந்தான். “யாரு சார் அந்த ஆள்னு கேட்டேன். சொல்லவே இல்ல. ரெண்டாமதும் கேட்டேன். ஒங்க ஆபீஸ்லேருந்து வருஷா வருஷம் ஜெயபாய்னு ஒருத்தர் வராளே, அவாதான்னு சொன்னாரு.”

ஜெயபாய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷம் ஆகும் என்று அவர் சொன்னது இவள் வந்துபோகிற கணக்கு. இவளோ அதை துபாய்க்கு அனுப்பிவிட்டு அழுதுகொண்டு போனாள்.

“தப்பா எடுக்கண்டாம் சேச்சி” என்றான் ஷிஜு. “எண்ணப் போறவங்களை எண்ணிக்கையில சேக்க முடியாது. சேத்தா, நாம போற வீட்டுக்கெல்லாம் ஆள் உண்டுன்னு ஆயிடும், ஊரு தானா நல்லாயிடும். இல்லைன்னு மாத்தணும். போட்டவங்களேதான் மாத்தணும். அப்புறம், அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்கு பிந்துவை விடறேன். அந்த வீட்ல இனி நீங்க வாங்கற பதிலை நம்ப முடியாது.”

அவன் சொன்னதில் ஒரு குற்றமும் காண முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வது சரிதானே. அவர் கையில் இவள் நம்பர்கூடக் கிடையாது. ராத்திரி குளியலறையில் வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவார்? வருகிற தையில் வரப்போகிற ஒருத்தியையா? இல்லை என்பதுதான் உண்மை. இவ்வளவு நாள் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு, அந்த இல்லையை இல்லையாகவே வைத்திருந்தது யார்? ஜெயபாய் கருவியை வாங்கி, ‘இல்லை’ என்று தட்டிக் கொடுத்தாள்.

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பாறசாலை பஸ் நின்றது. கண்டக்டர் தெரிந்தவன், “ஏறு சேச்சி” என்றான். அவள் கோட்டை வாசலைப் பார்த்து நடந்தாள்.

நீலகண்டன் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். “இந்த வருஷத்துது கேட்டாச்சே” என்றார்.

“கேட்க வரல்ல சார். ஒரு காரியம் சொல்ல வந்தேன். அடுத்த வருஷம் நான் வரமாட்டேன். வேற ஆள் வரும்.”

“நான் ஃபோன்ல சொன்னதாலயா?”

“ஆமா.”

“சொல்லியிருக்கப்படாது. அந்தப் பையன் திருப்பித் திருப்பிக் கேட்டான். பொய் சொல்ல வரல்லே.”

“அந்தப் பதிலையும் மாத்தியாச்சு சார். இல்லைன்னு போட்டாச்சு.”

“யாரு போட்டா?”

“நான்தான்.”

அவர் கதவின் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ எனக்கு யாரும் இல்லேன்னு ஒங்க கையாலேயே எழுதிட்டேள்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கோபமே இல்லை. எதிர்வீட்டு மாமி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள்.

“எழுதினது நான்தான் சார்” என்றாள் ஜெயபாய். “இப்ப வந்து நிக்கதும் நான்தான்.”

அவர் வழியை விட்டு விலகினார். மாமி பார்க்கிறாள் என்று தெரிந்தும் கதவை மூடவில்லை. இவள் எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“இத்தனை வருஷமா வரேள்” என்றார் நீலகண்டன். “எங்காத்துல எத்தனை குழாய்னு ஒங்களுக்குத் தெரியும். ராத்திரி எனக்கு என்ன பயம்னு தெரியும். நீங்க எங்கேர்ந்து வரேள்னுகூட எனக்குத் தெரியாது.”

“பாறசாலை” என்றாள்.

“பாறசாலையில எங்கே? ஆத்துல யாரெல்லாம் இருக்கா?”

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்ட அத்தனை பேரிலும் ஒருவர்கூட, பதிலுக்குக் காத்திருப்பதுபோல முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டதில்லை. அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“எங்க அம்மா ரொம்ப காலம் கிடப்பில இருந்தாங்க” என்று தொடங்கினாள்.