ஏழாவது கட்டம்: இனம்

1. பிரெஞ்சுக் குழந்தை

காரைக்காலில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நான் ரெக்கார்டு கிளார்க். இரண்டாயிரங்களின் தொடக்கம். உதடோ அண்ணமோ பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு தனிப் படிவம் உண்டு. ஏதோ வெளிநாட்டு ஆய்வுக்காக வந்தது. அதில் ஏழாவது கட்டம் இனம்: ஆசியர், ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், மற்றவர். யாரையும் கேட்காமலே ஆசியர் என்று டிக் போட்டுவிடுவேன்.

ஒருநாள் கோவில்பத்திலிருந்து வந்த, அப்படியொரு குழந்தையின் தகப்பனார் என் மேஜையில் பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வைத்தார்.

"நாங்க பிரெஞ்சுக்காரங்க. ஐரோப்பியர்னு போடுங்க."

"சார், இது எந்த நாட்டுப் பிரஜைன்னு கேக்கல. இனம் கேக்குது."

"ஆசியாக்காரங்களுக்கு இது கொஞ்சம் கூட வருது, ஐரோப்பாவுல அதவிடக் குறைச்சல்னு டாக்டரம்மாதான் சொன்னாங்க. அடுத்த புள்ளையாவது நல்லபடியா பொறக்கட்டுமே. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அவர் போனதும் கேன்டீன் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தேன்.

2. என் குழந்தை

அடுத்த வருடம், என் நாற்பத்திரண்டாவது வயதில், எங்களுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். அதே ஆஸ்பத்திரி. உதடு, அண்ணம் இரண்டும் பிளந்திருந்தன.

எனக்குத் தெரிந்த ஒரே வேலை படிவம் நிரப்புவது. ஓடிப்போய் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. டாக்டரம்மாவை வராந்தாவில் மறித்தேன்.

"மேடம், எங்க கொள்ளுப்பாட்டி ஆப்பிரிக்கா பக்கம் ரெயூனியன் தீவுல பொறந்தவங்க. ஆப்பிரிக்கக் கலப்பு இருந்தாலும் இருக்கும். ஆப்பிரிக்காக்காரங்களுக்கு இது ரொம்பக் கம்மின்னு நீங்கதானே சொன்னீங்க? புள்ளைய இன்னொரு தடவ பாத்துடுங்களேன்."

"ஏங்க, அது ஆயிரக்கணக்கான பேரச் சேத்துப் பாக்குற கணக்கு. உங்க ஒரு புள்ளைக்கு அதுல பதில் கெடையாது. அது இருக்கட்டும், புள்ள பால் குடிச்சிச்சா?"

எனக்குத் தெரியவில்லை.

வார்டுக்கு ஓடினேன். குழந்தையால் உறிஞ்ச முடியவில்லை. அழுது அழுது குரல் கம்மியிருந்தது. என் மனைவியும் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கங்க போனீங்க?"

"ஃபாரம்..."

"பேனாவ வைங்க சார்," என்றார் நர்ஸ். "புள்ளையத் தூக்குங்க. படுக்க வச்சுக் குடுத்தா மூக்குல ஏறிடும். நிமித்திப் புடிங்க." தாய்ப்பால் ஊற்றிய பாலாடையை என் கையில் திணித்தார்.

முதல் வாய் என் சட்டையில் வழிந்தது. இரண்டாவது மூக்கு வழியாக வந்தது. குழந்தை தும்மியது, நான் அலறினேன்.

"கத்தாதீங்க சார். அதுவே சும்மா இருக்கு."

மூன்றாவது உள்ளே போனது. அந்தச் சின்னத் தொண்டை அசைந்ததைப் பார்த்தபிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

3. புதிதாக வரும் கிளார்க்குகளுக்கு

படிவம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்த மக்களுக்கு அதிகம், எவருக்குக் குறைவு என்று எழுதி வைத்தால்தான் என்றாவது காரணம் பிடிபடும். ஆனால் பேனாவைத் திறக்கும் முன், குழந்தை பால் குடித்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள். ஏழாவது கட்டம் எங்கும் போகாது.

ஆபரேஷன்களெல்லாம் நல்லபடி முடிந்தன. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் தண்ணீர் குடிக்கும்போது லேசாக இருமினால்கூட நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

"ஒண்ணுமில்ல, உக்காருங்கப்பா," என்கிறாள்.

உட்காருகிறேன். அவள் டம்ளரைக் கீழே வைத்த பிறகு.