கோழிக்கும் விரதம்

கோழி முட்டையிட்டால் வெளிநாடு போகமாட்டேன் என்று மகளுக்குச் சொல்லியிருந்தேன். அவள் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளின் தகப்பன் வேறொருத்தியோடு போய்விட்டான். தேற்றாத்தீவில் எனக்குச் சீதனமாக வந்த வீடும் வளவும்தான் மிச்சம். அந்த வளவில் கூடு அடித்து முட்டைக்கோழிக் குஞ்சுகள் வளர்த்தேன்.

அவை முட்டைக்கு வரும் பருவத்தில்தான் நாட்டில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கடையில் தீனி மூட்டை இல்லை. உன்னிச்சைப் பக்கத்து நெல் ஆலையிலிருந்து தவிடும் குருணலும் கிடைத்தன. அது வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். மிருக வைத்தியர் கந்தோரில் கோழி வளர்ப்பவர்களுக்கு நடந்த வகுப்பில் ஒரு மிஸ் சொன்னது மனதில் கிடந்தது. முட்டைக்கும் இறகுக்கும் புரதம் வேண்டும், தீனியில் அது குறைந்தால் கோழி அதைப் பக்கத்துக் கோழியில் தேடும் என்றிருந்தார். ஆகவே வாவியில் தோணிக்காரர் கழித்துவிடும் பொடிமீனை வாங்கி, அவித்துக் காயவைத்து இடித்துத் தவிட்டில் கலந்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் கோழிகளுக்குக் கொண்டை சிவந்தது, முட்டைக்கு இன்னும் சில நாள்தான்.

அந்த நேரம் பார்த்து வைகாசி வந்தது. கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் சடங்கு முடியும்வரை நாங்கள் மீன் இறைச்சி, அதாவது மச்சம், தொடுவதில்லை. அம்மனோடு எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் அண்ணனோடுதான். கல்லடியில் பெண்சாதி வீட்டில் இருப்பவர், சடங்கு வந்தால் மட்டும் எங்கள் வளவுக்கு அதிகாரியாகிவிடுவார். மீன்தூள் சாக்கை மோந்து பார்த்தார். கோழிக்கு அது ஏன் வேண்டுமென்று படித்துப் படித்துச் சொன்னேன்.

“தங்கச்சி, வளவுக்குள்ள மச்சம் கிடக்கப்படா. சடங்கு முடியுமட்டும் கோழியும் பொறுக்கட்டும்” என்றார்.

சாக்கை அவரே இழுத்துப்போய் வாவியில் கொட்டினார். மீனுக்குப் பதிலாகப் பயறு வாங்கிப் போட எனக்கு வக்கில்லை. புற்றை வெட்டிக் கறையான் போட்டேன், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

முதலில் ஒன்றையொன்று இறகு பிடுங்கின. இரத்தம் கண்டதும் அந்த இடத்தையே கொத்தின. ஒருநாள் விடியக் கூட்டைத் திறந்தால், ஒரு கோழியின் குடலை மற்றவை இழுத்துத் தின்றுகொண்டிருந்தன. வளவுக்குள் மச்சம் ஆகாதாம், கூட்டுக்குள் கோழிக்குக் கோழியே மச்சம். அங்கேயே குந்தி அழுதேன். அயலவர்கள் கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். கண்ணூறும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

சடங்கு முடிந்த மறுநாள் அண்ணன் வந்தார். மிஞ்சிய கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நினைத்தேன்.

“இவ்வளவு நாளும் விரதம். கறிக்கு ஒண்டு பிடிச்சுத் தா, புள்ள.”

பிடித்துக் கொடுத்தேன். மற்றவற்றை இறைச்சிக்கு விற்றுவிட்டுப் பாஸ்போட் எடுத்தேன். மகளை விட்டுப் போக அண்ணன் வீட்டைத் தவிர எனக்கு வேறு இடமில்லை. அதனால் வாய் திறந்து ஏசவும் முடியவில்லை.

இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறேன். அந்த வீட்டு மகன் உடம்பை முறுக்கேற்றுகிறவன். புரதம் வேண்டுமென்று முட்டையின் வெள்ளையை மட்டும் தின்பான். அவன் கழித்துவிடும் மஞ்சளை நான் சோற்றில் பிசைந்து தின்கிறேன்.

போன கிழமை மகள் போனில் கேட்டாள்.

“நம்மட கோழி முட்டை போட்டிருந்தா நீங்க போயிருக்க மாட்டீங்கதானே அம்மா?”

ஓம் என்றேன். பக்கத்தில் மாமா இருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தார். போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிச் சுகம் விசாரித்தேன்.