கோவிந்தம்மா டீச்சரின் எட்டு முறுக்காணிகள்

பழுது பார்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: பொருள் ஏற்கெனவே கெட்டுப்போய்த்தான் வருகிறது, ஆகவே பாதிப் பழி நம்முடையதல்ல. தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில், நகாசியில் தையல் மெஷின் ரிப்பேர் செய்துகொண்டிருந்த எனக்கு மீதிப் பாதியும் எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்கிறேன். என்னைப் போன்ற ஒருவனிடம் எதையாவது கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் அலைந்தவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

ஒரு சொட்டு எண்ணெய்

எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் தீவில் இந்திய வம்சாவளிக்காரர்களின் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. கோவிந்தம்மா டீச்சருக்கும் ஆக்லாந்து விசா வந்துவிட்டது. கோயில் பஜனையில் மாண்டலின் வாசிப்பவர் அவர்தான். தன்னைவிட வயதான அந்த மாண்டலினைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். அதன் தலையில் இரண்டு பக்கமும் பித்தளைப் பட்டை. பட்டைக்கு நான்கு முறுக்காணி. திருகினால் பல்சக்கரம் சுற்றித் தந்தி இறுக வேண்டும். பாதி ஆணிகள் அசையவே இல்லை. "ஆறு வாரத்துல பிளேன், அண்ணே," என்றார்.

தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, குறட்டால் பிடித்துத் திருகினேன். ஆணி அப்படியே இருந்தது. அதன் நுனியிலிருந்த வெள்ளைக் குமிழ் மட்டும் பிஸ்கட் மாதிரி பொடியாகிவிட்டது. மனம் தளராமல் அடுத்ததைத் திருகினேன். அதுவும் பொடி. மூன்றாவதுக்குக் கையை நீட்டியபோது டீச்சர் மாண்டலினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, எட்டையும் உடைச்சாத்தான் ரிப்பேரா?"

அரை நூல்

புது முறுக்காணிக்காகச் சுவாவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடாருக்கு இருந்தது, மாண்டலினுக்கு இல்லை. கடைசியில் சிட்னியிலிருந்த என் மச்சானுக்கு அளவு எழுதி அனுப்பினேன். அளந்தது தையல்காரர் டேப்பால். நான்கு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. முதல் ஆணி துளையில் அழகாக இறங்கியது. இரண்டாவது முரண்டு பிடித்தது. நான்காவது, துளையைத் தாண்டி மரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. ஆணிக்கு ஆணி அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வித்தியாசம், போகப்போகக் கூடிவிட்டது.

பக்கத்துப் பட்டறைத் தச்சர், தீவின் பூர்வகுடிக்காரரான ஜோனே என்பவர் வந்து, பழைய துளைகளை மரக்குச்சியால் அடைத்து, புதிதாகத் துளை போட்டுக் கொடுத்தார். அந்த நாட்களில் அவரும் நானும் அரசியல் பேசுவதில்லை என்று பேசாமலே முடிவு செய்திருந்தோம். என் டேப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்:

"பாய், இது இடுப்பை அளக்கிறது. இடுப்பு விட்டுக்கொடுக்கும், மரம் விட்டுக்கொடுக்காது."

இறங்கு

மாண்டலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரான நௌசோரியிலிருந்த டீச்சர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் மடியில் நீளமான கறுப்புப் பெட்டி. இறங்கச் சொன்னார்கள். திறந்து காட்டினேன். "வாசி," என்றான் ஒருவன். வாசிக்கத் தெரியாது என்றேன். தெரியாதவனுக்கு மாண்டலின் எதற்கு என்ற நியாயமான கேள்வி அவன் முகத்தில் தெரிந்தது.

அவனே எடுத்து மீட்டினான். சர்ச்சில் வாசிக்கிறவனாம். ஒரு தந்தி சுருதி ஏறியிருக்கிறது என்று ஆணியைத் தளர்த்தினான். தந்தி இன்னும் ஏறியது. இன்னும் தளர்த்தினான். 'டப்' என்று அறுந்தது. பின்னால் நின்றவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். பஸ்ஸில் அத்தனை பேரும் சீட்டுக்கு அடியில். நான் மட்டும் நிமிர்ந்து நின்றேன். தைரியம் இல்லை, கால் நகரவில்லை.

அப்போதுதான் எனக்கே புரிந்தது. வலப் பட்டையை இடப்பக்கமும் இடப் பட்டையை வலப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். எல்லா ஆணியும் தலைகீழாகச் சுற்றுகிறது. அதைச் சொன்னேன். அறுந்த தந்தியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவன், கடைசியில் சிரித்துவிட்டு, இந்தியில் சித்தப்பா முறை வைத்துச் சொன்னான்:

"சாச்சா, துப்பாக்கி மட்டும் ரிப்பேர் பண்ணாதீங்க."

புளி

பட்டைகளை இடம் மாற்றி மாட்டி, அறுந்த தந்திக்குப் புதிது போட்டு, டீச்சரிடம் கொடுத்தேன். ஊரைவிட்டுக் கிளம்பும் முன் கடைசி வெள்ளிக்கிழமை பஜனையில் டீச்சர் வாசித்தார். ஒரு தந்திகூடச் சுருதி இறங்கவில்லை. தரையில் விரித்த பாய்களில் பாதி காலியாகக் கிடந்த அந்தக் கூடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: "பழைய பட்டையை வச்சிருக்கீங்களா, அண்ணே? எங்கப்பா வாசிச்ச மாண்டலின். அவர் விரல் தினம் பட்டது அதுலதான்." நானே கொடுக்கலாம் என்று கையோடு கொண்டுவந்திருந்தேன். அவர் சந்தோஷப்படட்டும் என்று முந்தின நாள் முழுக்கப் புளி போட்டுத் தேய்த்திருந்தேன். கல்யாணச் சீர் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

டீச்சர் விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். சிரிக்கத்தான் முயன்றார், கண் நிறைந்துவிட்டது.

"அண்ணே, அப்பாவோட அழுக்கு எங்கே?"

இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு முன்னால் எதைத் தொடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அதனாலேயே, வேலைக்குப் பயந்தவன் என்று ஊரில் பெயர் வாங்கியிருக்கிறேன்.