மேவிஸுக்கு வந்த சிவப்புச் சட்டை

மேவிஸ் தாக்ரே எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறவள். ஸ்கெல்பி டவுன் கால்பந்து மைதானத்தில் அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. என் மனைவியோடு போட்டதைவிட அவளோடுதான் நான் அதிகம் சண்டை போட்டிருக்கிறேன்.

எங்கள் கிளப் ஏழை கிளப். ஆட்டக்காரருக்கு ஆளுக்கொரு சிவப்புச் சட்டை, வெளியூர் ஆட்டத்துக்கு ஒரு மஞ்சள் சட்டை, அவ்வளவுதான். ஒவ்வொரு சட்டைக்கும் ஊர்க்காரர் யாராவது பணம் கட்டுவார். மே மாதம் சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர் மைதானத்திலேயே சிவப்புச் சட்டையைக் கழற்றிப் பணம் கட்டியவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்களைக் கடைக்காரர்களும் வக்கீல்களும் முந்திக்கொண்டு பிடித்துவிடுவார்கள். மேவிஸுக்கு மிஞ்சுவது பெஞ்சைத் தேய்க்கும் மாற்று கோல்கீப்பரும் முழங்கால் போன தடுப்பாட்டக்காரரும்தான். அவள் வீட்டு மாடிப்படிச் சுவரெல்லாம் அந்தச் சட்டைகள் கண்ணாடிக்குள் தொங்குகின்றன. ஒன்றுகூட கோல் போட்ட சட்டை இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அவள் எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் டெர்லிஸ் வந்தான். பராகுவே நாட்டுக்காரன். தெற்கே ஒரு பெரிய கிளப் அவனை வாங்கி, ஆடவிட இடமில்லாமல், மே மாதம் வரை எங்களுக்கு இரவல் கொடுத்தது. கோல் போடுகிற ஆள்தான், ஆனால் அவன் பெயரை இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. மேவிஸ் ஓடிப்போய் அவனுடைய சிவப்புச் சட்டையைப் பிடித்துவிட்டாள். மஞ்சளைக் கறிக்கடை ராய்ஸ்டன் எடுத்தான், கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று.

"இந்த வருஷம் பாரு நார்மன்," என்றாள் என்னிடம்.

"பாக்கலாம். மொதல்ல அவன் நடுங்குறத நிறுத்தட்டும்."

பையன் அப்படித்தான் நடுங்கினான். அவன் நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவன், இங்கே இடப்பக்கம் கார் ஓட்டப் பயந்து, பயிற்சிக்கு மேவிஸின் பஸ்ஸிலேயே போவான். டிரைவருக்குப் பின்சீட்டில் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அரைகுறை இங்கிலீஷில் ஒருநாள் கேட்டான்: "இங்க வெயில் எப்ப வரும்?"

"ஜூலைல ஒரு செவ்வாய்க்கிழமை வரும் கண்ணு. தூங்கிடாத."

அவன் சிரித்தானாம். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "எங்க ஊர்ல இப்பதான் கோடை. தெருவுல மாம்பழமா விழுந்து கெடக்கும். எடுக்க ஆளிருக்காது," என்றானாம். மேவிஸ் மாம்பழத்தை டப்பாவில்தான் பார்த்திருக்கிறாள். மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கி வந்து கொடுத்தாள். கல் மாதிரி இருந்ததை அவன் கடைசி ஸ்டாப் வரை கடித்துத் தின்று, நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான்.

ஆட்டம்தான் வரவில்லை. கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்குவார்கள். பந்து அவன் தலைக்கு மேலேயே பறக்கும். ஒருநாள் காலி கோலுக்கு முன்னால் நின்று வெளியே அடித்தான்.

"எங்கம்மா சக்கர நாற்காலில இருந்தே போட்டிருக்கும்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

மேவிஸ் திரும்பினாள். "கூட்டிட்டு வாய்யா உங்கம்மாவ. சட்டை நான் வாங்கித் தரேன்."

ஏப்ரலில் ஒரு கடற்கரை ஊரில் ஆட்டம். காற்று ஆளைத் தள்ளியது. நாங்கள் ஏற்கெனவே நான்கு கோல் வாங்கியிருந்தோம். டெர்லிஸை இறக்கினார்கள். பார்க்கக் கொஞ்சம் பருமனாகத் தெரிந்தான். "நம்ம ஊரு கேக்கத் தின்னு ஊதிட்டான்," என்றேன் நான். வாய் மூடுவதற்குள் பந்தைத் திருப்பி ஒரே உதை, கோல். மேவிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். உடனே கையை விட்டாள்.

"மஞ்சள்," என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் திரும்பினோம். அந்த ஆட்டத்தைப் பார்க்காத ராய்ஸ்டன், "நம்ம சட்டை கோல் போட்டுடுச்சு" என்று கறி வெட்டிக்கொண்டே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெர்லிஸ் அதற்குப் பிறகு கோல் போடவே இல்லை.

கடைசி ஆட்டத்தன்று மழை. கிளப்காரர்கள் ராய்ஸ்டனிடம் மஞ்சளைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். டெர்லிஸ் எங்கள் பக்கம் வந்து, சிவப்பைக் கழற்றி நீட்டினான். வெற்றுடம்பு, பல் அடித்துக்கொண்டிருந்தது. மேவிஸ் நன்றி சொன்னாள். ஆனால் அவள் முகத்துக்கு நடிக்கத் தெரியாது.

அவன் போகவில்லை. சட்டையைத் தொட்டுக் காட்டினான். "கோல் போட்ட அன்னிக்கு... இதுவும் இருந்துச்சு. மஞ்சளுக்கு உள்ள. ரொம்பக் குளிரு."

மேவிஸ் அழுதாள். நானும்தான், ஏன் மறைக்க வேண்டும்? பிறகு தன் டிரைவர் கோட்டைக் கழற்றி அவனுக்குப் போட்டுப் பொத்தானும் மாட்டிவிட்டாள். அவன் அதோடு உள்ளே போனான். எங்கள் கிளப்புக்கும் வேண்டாம், தெற்கு கிளப்புக்கும் வேண்டாம் என்று அவனை அவன் நாட்டு கிளப் ஒன்றுக்கே விற்றுவிட்டார்கள். கோட்டும் கூடவே போயிற்று. அந்த வெயிலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறானோ.

சிவப்பை அவள் கண்ணாடிக்குள் வைக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு ஆட்டத்துக்கு வருகிறாள். இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பனி விழுந்துகொண்டிருந்தது. காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அங்க இப்ப மாம்பழம் விழுந்து கெடக்கும், இல்ல?"

அந்த நேரம் எங்கள் ஆள் ஒருவன் காலி கோலுக்கு முன்னால் நின்று பந்தை வெளியே அடித்தான். அவள் பார்க்கவே இல்லை.