என் நாத்தனாரின் அம்பாசிடரும் ஒரிஜினல்காரர்களும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்குக் கையும் காலும் முளைத்து, எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டுப் போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வந்தவர் பழைய கார்களைச் சேர்ப்பவர். மைசூரில் அப்படிப்பட்டவர்கள் சங்கமே வைத்திருக்கிறார்கள். தசரா வந்தால் பாலிஷ் போட்டு வரிசையாக நிறுத்துவார்கள். ஜனங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அவரைக் கூட்டிவந்தவன் என் மகன். உடைக்க எடுத்த தேங்காய், என் நாத்தனாரின் அம்பாசிடர்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் தங்கை. சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். என் கணவர் போன பிறகு ராமாபுரத்து மஞ்சள் காட்டையும் சோளக்காட்டையும் பார்த்துக்கொள்வது அவள்தான். வாராவாரம் கொள்ளேகால் வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு போவாள். வரும்போது டிக்கியில் மூட்டை இருக்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் சாப்பிடுவது அவள் ஓட்டும் சோறு.

கார் மாமனார் வாங்கியது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் இருக்கும் பழைய மாடல். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். அவளுக்கு அந்தக் கால் மிதிக்காது. மாமனார் "கால் இல்லேன்னா கை இருக்குதில்ல" என்று சொல்லி ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். கதவோரம் ஓர் இரும்புக் கம்பியை நட்டு, அதன் தலையில் காட்டில் பழுதாகிக் கிடந்த பம்புசெட்டின் கைப்பிடியை மாட்டி, கிளட்சைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வலது கையால் கம்பியை இழுக்க வேண்டும், இடது கையால் கியர் போட வேண்டும், அந்த இடைவெளியில் ஸ்டியரிங்கை முழங்கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அவள் இத்தனை காலமாக ஓட்டுகிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் "பலே, எப்படிம்மா ஓட்டறீங்க" என்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

வந்த மனிதர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல பம்பரைத் தட்டினார், விளக்கைத் தடவினார், குனிந்து அடியில் பார்த்தார். "எல்லாம் ஒரிஜினல், எல்லாம் ஒரிஜினல்" என்று முணுமுணுத்துக்கொண்டே டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். முகம் விழுந்துவிட்டது.

"சே, யாரோ கெடுத்து வெச்சிருக்காங்களே."

"எதைங்க?" என்றேன்.

"இந்தக் கம்பி மேடம். இது ஒண்ணுதான் அசிங்கம்."

"அந்த அசிங்கம் இல்லேன்னா வண்டி வாசலைத் தாண்டாதுங்க."

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார் போல.

கூடத்துக்கு வந்த பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. கம்பியைக் கழற்றிவிட்டுக் கம்பெனி கொடுத்த மாதிரியே கிளட்ச் பெடலைத் திரும்பப் பொருத்துவாராம். பெயிண்ட் முதல் சீட் வரை அவர் செலவு. அதற்குப் பதிலாகக் கார் அவருடைய கொட்டகையில் நிற்கும். என் நாத்தனாருக்கு அவரிடம் சும்மா இருக்கும் ஓர் ஆட்டோமேட்டிக் காரைக் கொடுத்துவிடுவார்.

"உங்க நாத்தனாரம்மா எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம் மேடம். நம்ம கொட்டகை எப்பவும் திறந்துதான் இருக்கும்" என்றார், தானம் கொடுக்கிற முகத்தோடு.

அவளுடைய வண்டியை அவளே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். எனக்கு உச்சந்தலை சுட்டது.

என் மகன் கெட்டவன் இல்லை. "அம்மா, சும்னே கோபப்படாதே" என்றான். பாதி கன்னடத்தில்தான் அவனுக்குச் சமாதானம் பேச வரும். "ஆட்டோமேட்டிக்ல கிளட்சே கிடையாது. அத்தைக்கு எவ்ளோ சௌகரியம் தெரியுமா? இந்தக் காரும் பத்திரமா இருக்கும்."

"அத்தையைக் கேட்டயா?"

"அத்தை ஒத்துப்பாங்க."

கேட்காமலே ஒத்துக்கொள்ள வைப்பதில் நம் வீடுகளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் என்னை அதைவிடச் சுட்டது அந்த 'ஒரிஜினல்' என்ற சொல். இரண்டு கால் உள்ளவனை மட்டும் நினைத்துக்கொண்டு கம்பெனியில் எவனோ போட்ட பெடல் அசல். ஒரு கால்காரி ஊர் போய்ச் சேரட்டும் என்று பெற்றவன் போட்ட கம்பி அசிங்கம். கண்காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று ஊன்றுகோலைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களா? அதைத்தானே இவர்கள் பாலிஷ் துணியில் சுற்றிக் கேட்கிறார்கள்.

"தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்க முடியுங்களா?" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அந்தக் கார்ல ஓர் ஆணியைக் கழட்டக் கூடாது. கம்பி, பம்புசெட்டுக் கைப்பிடி, கிழிஞ்ச சீட்டு, எல்லாம் எங்க மாமனார் வெச்ச மாதிரியே இருக்கும். என் உசுரு இருக்கிறவரைக்கும் ஒரு திருகு மாத்த விடமாட்டேன்."

"அத யாருங்க நங்கையா ஓட்டப்போறது?"

மாடிப்படியில் அவள் நின்றிருந்தாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் படி இறங்க நேரமாகும். அதனால் நாங்கள் பேசியது முழுவதும் காதில் விழுந்திருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நீதான் அம்மிணி ஓட்டப்போற. அதுக்குத்தானே இவங்களோட மல்லுக்கட்டறேன்" என்றேன்.

"என்னால முடியலீங்க நங்கையா."

வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

"அந்த ஸ்டியரிங்க திருப்பித் திருப்பி வலது தோளு போயிருச்சு" என்றாள். "கை மேல எழும்பறதில்ல. நான் முடிய வெட்டிக்கிட்டு வந்தப்ப, வயசான காலத்துல பேஷனான்னு கேட்டீங்களே, பேஷன் இல்லீங்க. கொண்டை போட முடியல."

அவள் என் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஆட்டோமேட்டிக் நல்ல வண்டிதான் கண்ணு. ஆனா டிக்கியில எத்தன மூட்ட போகும்? மழ பேஞ்சா நம்ம காட்டு வண்டிப்பாதையில எறங்குமா? எனக்கு இந்தக் காரே போதும். கம்பி இருக்கட்டும். ஸ்டியரிங்க மாத்திப்போடு. பவர் ஸ்டியரிங் வேணும்."

"அம்மிணி, அது மாமா வாங்கின ஸ்டியரிங்" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது.

"நான் ஓட்டறது உங்க மாமா தோளுலயாங்க?"

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பதை நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பெண்ணின் தோள் தேய்ந்துபோனது தெரியாமல் கிழிந்த சீட்டுக்காக உயிரை விடுகிறேன் என்று நிற்கிறேன். அவருக்குக் கம்பெனி வைத்தது ஒரிஜினல், எனக்கு மாமனார் வைத்தது ஒரிஜினல். அந்த இரண்டு ஒரிஜினலுக்கும் நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிறவளை இரண்டு பேருமே கேட்கவில்லை. கோபம் தணிந்ததா என்றால் இல்லை. கோபப்பட வேண்டியவர்களில் நானும் ஓர் ஆளாகச் சேர்ந்துகொண்டேன், அவ்வளவுதான்.

வந்தவர் பதறிப்போனார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. கம்பியையாவது பின்னால கழட்டிக்கலாம். பவர் ஸ்டியரிங் போட்டா பாடியை அறுக்கணும். இந்தக் காரோட மதிப்பே ஜீரோ ஆயிடும்."

"யாருக்குங்க?" என்றாள் அவள்.

அவர் என் மகனைப் பார்த்தார். என் மகன் தரையைப் பார்த்தான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "இது ஒரு கொலை மேடம். காரைக் கொலை பண்றீங்க."

நான் சும்மா இருப்பேனா? "எங்க வீட்டுல ஒரு தோளு செத்துக்கிட்டிருக்குதுங்க. அதுக்கு மொதல்ல துக்கம் கேட்டுட்டுப் போங்க" என்றேன்.

அதன் பிறகு அலைந்தவன் என் மகன்தான். பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, அடிபட்ட ஒரு சின்னக் காரிலிருந்து மின்சார ஸ்டியரிங் மோட்டாரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். மெக்கானிக் முதலில் மாட்டேன் என்றார். பழைய காரில் கை வைக்கப் பாவமாக இருக்கிறதாம். எத்தனை பேருக்குத்தான் அந்தக் கார் மேல் பாவம் பிறக்கிறது என்று நான் கடையிலேயே ஒரு பாட்டம் பாடிவிட்டு வந்தேன். கியரும் கம்பியும் இருந்த இடத்திலேயே இருக்க, பழைய ஸ்டியரிங் பெட்டி மட்டும் கழன்றது, மோட்டாரோடு வேறொன்று ஏறியது. ஆர்.டி.ஓ. ஆபீசிலும் காட்டி ஒப்புதல் வாங்கியாயிற்று.

முதல் நாள் நானும் ராமாபுரம் போனேன். எங்கள் தெருமுனையில், கோயிலை ஒட்டிய அந்த மோசமான திருப்பத்தில், எப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் சாய்த்து ஸ்டியரிங்கை இழுப்பாள். அன்றைக்குப் பல்லைக் கடிக்கவில்லை. பூக்கடைக்காரியிடம் "மல்லி என்ன வெலைங்க" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

போன வாரம் என் மகன் தயங்கித் தயங்கி வந்து நின்றான். அந்தக் கார் சேர்ப்பவர் போன் செய்தாராம். கழற்றிய பழைய ஸ்டியரிங் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாமாம்; ஒரிஜினல் சாமான் இப்போதெல்லாம் கிடைப்பதில்லை, தன்னிடம் இருக்கும் இன்னொரு அம்பாசிடருக்கு வேண்டுமாம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "வந்து எடுத்துக்கச் சொல்லு கண்ணு. மாட்டினதுக்கப்புறம் அந்தக் கார அவரையே ஓட்டச் சொல்லு. எங்கியும் வேண்டாம், கொள்ளேகால் வரைக்கும் போயிட்டு வந்தாப் போதும்."