ரத்தினவேலனின் இடது தோள்

சாரல் காலத்தில் குற்றாலத்துப் பெரிய அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிட உட்கார்ந்திருப்பவர்களில் சுடலையாண்டியும் ஒருவன். மூன்று மாதம் அந்த வேலை. மற்ற மாதங்களில் சொந்த ஊரான இலத்தூரில் வயல்வேலை. இருபது முதுகு தேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசைய விரல் மடங்காது. மனைவி சொக்கம்மாள்தான் பிசைந்து கொடுப்பாள்.

1954-இல் நடிகர் ரத்தினவேலன் முதன்முதலாக அவனிடம் வந்து குப்புறப் படுத்தார். அப்போது அவர் படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கிறவர். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நான்கே வருடத்தில் தென்காசிக் கொட்டகையில் அவர் கதாநாயகனாக நடித்த படம் எழுபது நாள் ஓடியது. அருவிக்கு வந்தால் கூட்டம் மொய்க்கிறது என்று, அதன்பிறகு தங்கியிருக்கும் பங்களாவுக்கே சுடலையாண்டியை வரவழைத்தார். ஆனி பிறந்தால் அவர் கார் வந்துவிடும்.

ஊரார் துளைத்தெடுத்தார்கள்.

"ஏலே, அவரு தலமுடி நெசமா, டோப்பாவா?"

பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனான். யாரும் கேட்காத ஒன்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. வாள்சண்டைகளில் அடிபட்டு அடிபட்டு அவருடைய இடது தோள் இறுகிக்கொண்டே வந்தது. 1961-இல் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பவில்லை.

"வெளியில தெரிய வேண்டாம், சுடலை. தெரிஞ்சா படம் வராது" என்றார்.

"நான் யாருகிட்டங்கய்யா சொல்லப்போறேன்?"

மறுவருடம் அவருக்கு முன்பே சென்னையிலிருந்து ஒரு தயாரிப்பு மேனேஜர் வந்தார். அருவி வழியிலிருந்த டீக்கடையில் சுடலையாண்டியைத் தேடிப் பிடித்து, தனியே அழைத்துப் போனார்.

"குதிரைச் சண்டை நிறைய இருக்கிற படம். அவர் இடது கை நல்லா இருக்கா? உள்ளதைச் சொல்லு."

"கல்லு கணக்கா இருக்கு. ஒத்தக் கையில என்னையத் தூக்கிருவாரு" என்றான் சுடலையாண்டி.

பழைய குற்றாலத்துக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு. மூன்றாம் நாள், வேடிக்கை பார்த்த கூட்டத்தில் அவனும் நின்றான். ரத்தினவேலன் ஏறியிருந்த குதிரை மிரண்டு முன்னங்காலைத் தூக்கியது. அவர் வலது கையில் வாள். கடிவாளம் இருந்த இடது கையால் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. பாறையில் அந்தத் தோள் அடிபட விழுந்தார். ரத்தினவேலன் ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். படத்தில் வேறு நடிகரைப் போட்டார்கள். பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் கதாநாயகியின் அப்பா வேடம்தான்.

"நீரு அவருக்கு நல்லதுதான நெனச்சீரு?" என்றாள் சொக்கம்மாள்.

"தெரியாதுன்னு ஒத்த வார்த்த சொல்லியிருக்கலாம்ட்டி. அதுகூட எனக்கு வரல."

நான்கு சாரல் காலம் கார் வரவில்லை. அவன் முதுகுகளைத் தேய்த்தான், நாற்று நட்டான், மறுபடி முதுகுகளைத் தேய்த்தான். கட்டைவிரல் மூட்டில் வீக்கம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

1967 ஆடியில் ஒரு மத்தியானம் ரத்தினவேலன் தனியாக நடந்து வந்தார். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு அருவிக்குப் போனார்கள். துண்டை விரித்துப் படுத்தார்.

"என்ன சுடலை, கை அழுந்தலியே?"

"முன்ன மாதிரி முடியலங்கய்யா." கொஞ்ச நேரம் தேய்த்தான். அப்புறம் சொன்னான்: "அந்தப் படத்துக்கு முன்ன மேனேசரு என்கிட்ட வந்து கேட்டாரு. கை நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்."

ரத்தினவேலன் கன்னத்தைக் கல்லில் வைத்தபடியே கிடந்தார்.

"என்கிட்டயும் கேட்டாங்க. நானும் அதேதான் சொன்னேன். கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்."

"நான் சொல்லாம இருந்திருந்தா..."

"தூறல் போடுது. தேய்."

இடது தோளுக்கு வந்ததும் சுடலையாண்டி உள்ளங்கையை மெல்ல வைத்தான். "இங்கன வலிக்குதாய்யா?"

"இப்ப எங்க தொட்டாலும் வலிக்குது."

தேய்த்து முடித்ததும் அவர் எழுந்து, படியில் வழுக்கிவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அருவியை நோக்கிப் போனார். அடுத்த ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய்க் கைகளை மடியில் போட்டுச் சுடலையாண்டி கண்ணை மூடினான்.