யாங்ஜின் கையில் கோல்

எங்கள் ஊரில் பயிர்க்காவல் வீட்டு முறைப்படி வரும். உருளைக்கிழங்கு முளை விட்டதும் இரண்டு வீட்டுக்காரர்கள் நாவா என்னும் காவலாளாகக் கோல் எடுப்பார்கள். அவர்கள் குறித்த நாளிலிருந்து கிழங்கு தோண்டும்வரை யாக்கோ ஜோமுப் பசுவோ எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் மாட்டுக்காரர் கோம்பா மடத்து முற்றத்தில் ஊருக்கே ஒரு பானை சாங் என்ற தானியக் கள் ஊற்ற வேண்டும். அந்த வருஷம் ஒரு கோல் என் வீட்டுக்கு. மற்றது யாங்ஜின் வீட்டுக்கு. அவள் புருஷன் பனிச்சரிவில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"பொம்பள கோல் புடிச்சா மாடு சிரிக்கும். எங்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்," என்றான் அவள் அண்ணன் ஒங்சு. ஊரிலேயே அதிக யாக் அவனுக்குத்தான்.

"முறை வீட்டுக்குத்தானண்ணே? என் வீட்டுல அடுப்பு எரியுது. மாடு சிரிச்சா சிரிக்கட்டும், நீ சிரிக்காத."

பெரியவர்கள் முனகினார்கள். முதல் நாள் சுற்றை எப்படி முடிக்கிறாள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். என்னை யாரும் சோதிக்கவில்லை. நான் சோம்பேறி என்பது ஊரறிந்தது. ஆனால் நான் ஆம்பிளை.

விடியும் முன்பே கிளம்பினோம். ஆற்றுக்கு இறங்கி, மறுகரையில் மூன்று மணி நேரம் செங்குத்தாக ஏறினால் செர்வா மேடு. அங்கிருக்கும் மந்திரம் செதுக்கிய கல்சுவர்தான் எல்லை. நாங்கள் போனபோது ஒங்சுவின் பதினோரு யாக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தன. அவன் பாறைமேல் உட்கார்ந்திருந்தான்.

"வாங்க நாவாம்மா. உப்பு டீ ஒரு வாய் குடிங்க."

"டீ அப்புறம். மாட்ட சுவருக்கு அந்தப் பக்கம் ஏத்து. ஒரு பானை சாங் தண்டம்."

"அண்ணனுக்கே தண்டமா? உன் கல்யாணச் சீரைச் சுமந்த யாக் யாரோடது?"

"உன்னோடதுதான். அதுக்கு அன்னிக்கே கும்பிட்டேன். இன்னிக்கு ஏத்து."

நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். வேறென்ன செய்ய? அவள் கல்லெறிந்து, சீழ்க்கையடித்து, பதினொன்றையும் தானே சுவருக்கு அப்பால் ஓட்டினாள். ஒங்சு அசையவேயில்லை. "சாங்கு தர மாட்டேன். என்ன பண்ணுவ?" என்று எங்கள் முதுகைப் பார்த்துக் கத்தினான்.

அதற்கும் மேலே நாபுக் மேய்ச்சலுக்கு ஏறினோம். அங்கே கற்பட்டியில் அவளுடைய ஒரே ஜோமு நின்றது. கொதிக்கிற கோபத்தோடு அதற்கு உப்பு நக்கக் கொடுத்தாள். மற்றப் பட்டிகளையும் பார்த்துவிட்டு விறுவிறுவென்று இறங்கினோம். பட்டி வாசலில் குறுக்குக்கட்டையைப் போட்டோமா என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. உப்பு கண்ட ஜோமு கொடுத்த கையைத் தேடி எத்தனை தூரமும் வரும் என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சாயங்காலம் ஊர் வந்து முகம் கழுவி முடிப்பதற்குள் கூச்சல் கேட்டது. ஜோமு ஒங்சுவின் வயலில் நின்று கிழங்குச் செடிகளை மிதித்துத் துவைத்துக்கொண்டிருந்தது. ஒங்சுவும் அதன் பின்னாலேயே இறங்கி வந்திருந்தான். வழியில் பார்த்திருப்பான், மறித்திருக்க மாட்டான், பாவி.

"பாத்தீங்களா? நாவாவோட மாடே எல்லைக்குள்ள! கோலை வாங்குங்கய்யா!"

பெரியவர்களில் மூத்தவரான தாவா கோலுக்குக் கையை நீட்டினார். யாங்ஜின் கொடுக்கவில்லை.

"கட்டையைப் போடாம வந்தது என் தப்பு. எங்கிட்ட தண்டம் வாங்குங்க, கோலை வாங்காதீங்க. போன வருஷம் நீங்க நாவாவா இருந்தப்ப உங்க மாடும்தான் உள்ள வந்துச்சு, பெரியப்பா. சாங் குடிச்சோம். கோலைப் புடுங்கினோமா?"

தாவாவின் கை கீழே இறங்கியது.

அவள் வீட்டுக்குப் போய்ப் பானையை முற்றத்துக்குத் தூக்கி வந்தாள். அது எந்தப் பானை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரம் புருஷனின் நினைவுநாள் பூஜைக்கு ஊறப்போட்டது. வீட்டில் இருந்ததே அது ஒன்றுதான். முதல் கிண்ணத்தை ஒங்சுவிடம் நீட்டினாள். அவன் வாங்கினான், குடிக்கவில்லை. மற்றவர்கள் குடித்தோம்.

"இனிமே அவருக்கு என்னக்கா ஊத்துவ?" என்று கேட்டேன்.

"தண்ணி ஊத்துவேன். கோலைக் குடுத்துட்டு சாங்கு ஊத்தினா அந்த மனுஷன் தொட மாட்டாரு."

பானை காலியானது. ஆட்கள் எழப் பார்த்தார்கள். அவள் கோலை ஊன்றி முற்றத்து வாசலை மறித்து நின்றாள்.

"உக்காருங்க. இன்னிக்கு தண்டம் ரெண்டு. ஒண்ணுதான் வந்திருக்கு."

யாரும் எழவில்லை. குளிர் ஏறியது. எல்லார் கண்ணும் ஒங்சுமேல். கடைசியில் அவன் மனைவிக்கே பொறுக்கவில்லை. "போய் எடுத்துட்டு வாய்யா, பல்லு கிட்டுது!" என்றாள். ஒங்சு தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். யாங்ஜின் ஒதுங்கி அவனுக்கு மட்டும் வழி விட்டாள்.

"பெரிய பானையா எடுத்துட்டு வாண்ணே," என்று பின்னாலேயே கத்தினாள். "என்னோடது ஒரு மாடு. உன்னோடது பதினொண்ணு!"